ஏழாவது பொருள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

இங்கு நலம். அங்கு என் மகளும் உங்கள் மகனும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் 'போர்டு' என்ற சொல்லுக்கான பக்கங்களை வைத்திருக்கிறேன். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய என் புத்தகத்தில் இதுவரை அதிகம் படுத்தியது இந்தச் சொல்தான். தொடக்கம் வெறும் மரப்பலகை. அதைக் கால்கள் மேல் தூக்கி வைத்ததும் சாப்பாட்டு மேசை ஆயிற்று. மேசைக்கும் போர்டு என்று பெயர் வந்தது. பிறகு மேசைமேல் பரிமாறிய சாப்பாட்டுக்கும் அதே பெயர். சாப்பாடும் தங்க இடமும் சேர்த்துத் தருவதைப் போர்டிங் என்கிறோமே, அது இப்படி வந்ததுதான். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிர்வாகம் செய்தவர்களும் போர்டு ஆனார்கள். அறிவிப்பு எழுதுகிற பலகை உங்களுக்கே தெரியும். கப்பலின் பக்கவாட்டுக்கும் இந்தப் பெயர் உண்டு; அதனால் கப்பலில் ஏறுவதும், இன்று விமானத்தில் ஏறுவதும் போர்டிங். கப்பலின் பக்கமும் மரப்பலகையும் ஆதியில் ஒரே சொல்லா, ஒன்றுபோல ஒலித்த இரண்டு சொற்களா என்பதில் அறிஞர்களுக்கே சந்தேகம் உண்டு. அவர்களுக்கே சந்தேகம் என்றால் என் கதியை யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆறும் போக, ஏழாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். பழைய தச்சர்கள் பலகைமேல் படுத்து எடுக்கும் மதிய ஓய்வுக்கும் போர்டு என்று பெயர். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

வழக்கம்போல ஒரு படி உங்களுக்கு, ஒரு படி பதிப்பாசிரியருக்கு. மூன்றாவது ஆளிடம் கிடையாது. 'டிக்கெட்' பக்கங்களும் அப்படித்தான் போயின. அதனால்தான் ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. போன வாரம் நூலகத்தில் ஒரு வார இதழைப் புரட்டினேன். 'பட்டாணி' என்ற புனைபெயரில் ஒருவர் சொற்களைப் பற்றி எழுதுகிறார். ஒட்டிவைத்த சீட்டு என்று பொருள்படும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் டிக்கெட்டும், மரியாதை முறையைக் குறிக்கும் எட்டிக்கெட்டும் வந்தன என்று எழுதிவிட்டு, இப்படி முடித்திருக்கிறார்: 'அண்ணனுக்காக நிற்கிற வரிசையில் தம்பியை மட்டும் பார்க்கவே முடியாது.' சொற்பிறப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தக் கடைசி வேடிக்கை என்னுடையது. எழுத்துக்கு எழுத்து நான் எழுதியது.

நீங்கள் அந்த இதழை வாங்குவதுண்டா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

பிப்ரவரி 10

சம்பந்தி அவர்களுக்கு,

பக்கங்கள் வந்தன. திருத்தங்கள் ஓரத்தில் இருக்கின்றன. 'பலகை' என்பதை ஓரிடத்தில் 'பல்கை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அதாவது' என்பது ஒரே பக்கத்தில் ஒன்பது முறை வருகிறது. ஒன்றை விட்டு மீதியை அடித்துவிட்டேன். நீங்கள் பேசும்போது வருவதைவிட இது குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு பொருள்களும் சரி. ஏழாவது எங்கே கிடைத்தது? மற்ற ஆறுக்கும் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒன்றுமில்லை. பாதி வாழ்க்கை ரயில்வே அச்சகத்தில் உட்கார்ந்து கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். ஆதாரம் இல்லாத வரியைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் பொருள் நன்றாக இருக்கிறது. படித்ததும் எனக்கே கொஞ்சம் சாய வேண்டும்போல் இருந்தது.

அந்த இதழ் இந்த வீட்டுக்கு வருவதில்லை. 'சும்மா கேட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் சும்மா கேட்கிறவர் இல்லை. நாங்கள் பெண் பார்க்க வந்தபோது "உங்க வீட்ல தண்ணி எப்படி?" என்று சும்மாதான் கேட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தீர்கள். மருமகள் என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

கேட்க வேண்டியதை மடித்து வைக்காமல் கேளுங்கள். தொலைபேசியிலும் கேட்கலாம்தான். உங்களுக்குக் காது போதாது; நான் கத்தினால் கூடத்திலிருந்து அடுப்படி வரை கேட்கும். ஆகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் திருத்தங்களுக்கு நன்றி. 'அதாவது' விஷயத்தில் வெட்கப்படுகிறேன்.

தண்ணீர் பற்றி: அது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. முடிவு நல்லபடியாகவே வந்தது.

ஏழாவது பொருளின் ஆதாரம் இப்போது நினைவில் இல்லை. ஏதோ பழைய புத்தகம். பச்சை அட்டை என்று நினைக்கிறேன். நீலமாகவும் இருக்கலாம். தேடிப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

வேறு சில சிறிய கேள்விகள். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பக்கங்களைப் படித்து முடித்ததும் அவற்றை எங்கே வைக்கிறீர்கள்? அலமாரிக்குப் பூட்டு உண்டா? உறையை அஞ்சலில் சேர்ப்பது நீங்களா, வேறு யாராவதா? பதிப்பாசிரியரையும் இதையே கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பட்டாணி இந்த வாரம் 'பஸ்' பற்றி எழுதியிருக்கிறார். நான் 'பஸ்' இன்னும் தொடவில்லை. ஆகையால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவர் 'போர்டு' எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

பிப்ரவரி 22

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று இங்குள்ள நூலகத்துக்குப் போயிருந்தேன். இருக்கிற அகராதிகள் எல்லாவற்றிலும் 'போர்டு' பார்த்தேன். தச்சர்களின் மதிய ஓய்வு ஒன்றிலும் இல்லை. நூலகரும் சேர்ந்து தேடினார். "அம்மா, இது யாரோ கனவு கண்டு எழுதினது மாதிரி இருக்கே" என்றார்.

அதனால் ஒன்றுமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். எல்லோருக்கும் நடப்பதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அடுப்பை மறக்காமல் அணைக்கிறீர்களா? கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பது உண்டா? அடுத்த வீட்டுக்காரரின் பெயர் சட்டென்று வருகிறதா? அலமாரிச் சாவி, அஞ்சல் இதைப் பற்றியெல்லாம் ரொம்ப யோசிக்காதீர்கள். யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். பத்திரமாக இருக்கிறது.

ஓய்வு எடுங்கள். புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

அன்புடன்,
சம்பந்தி

*

பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி 'அன்புடன்' என்று முடித்திருக்கிறீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்த உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எதிலும் அப்படி இல்லை. ஒரு பிழையைக்கூடக் குத்திக்காட்டவும் இல்லை.

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பது உண்டு. இளவயதிலிருந்தே உண்டு. அதை வியாதி என்றால் நான் பிறவி நோயாளி.

முந்தாநாள் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசினேன்.

"அப்பா, சும்மா ஒரு விளையாட்டு. நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்க பாக்கலாம்."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்பா. பொழுது போகணும்ல?"

என் மகள் சும்மா கேட்கிறாள் என்றதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் என் மகள்தானே. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று வந்தேன். அங்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்குக் கணக்கு வராது.

"யாரும்மா இதைக் கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. அடுத்தது என்ன?"

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்லப்பா. சொல்லுங்க, எண்பத்தாறுக்கு அப்புறம்?"

"எழுபத்தி... இரு. உங்க அத்தை இருக்காங்களா பக்கத்துல?"

அவ்வளவுதான். அவள் அழத் தொடங்கிவிட்டாள். பிறகு மாப்பிள்ளை வாங்கிப் பேசினார். "மாமா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. கிழக்குப் பக்க ரூமை உங்களுக்குன்னு ஒழிச்சுப் போட்டாச்சு. வந்து எங்களோடவே இருங்க" என்றார். என் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்க்கலாமா என்றும் கேட்டார். புத்தகம் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்போ எதுக்கு மாமா?" என்றார்.

அவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? மடித்து வைக்காமல் கேட்கச் சொன்னீர்கள். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 5

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். ஆம், நான்தான் சொன்னேன்.

எதற்கும் பக்க எண் போடுகிற மனிதர், ஒரு ஆதாரத்தின் அட்டை பச்சையா நீலமா என்று தெரியவில்லை என்கிறார். எந்த அகராதியிலும் இல்லாத பொருளை எழுதிவிட்டு அது அப்படியே இருக்கட்டும் என்கிறார். யாரோ தன் தாள்களைத் திருடுகிறார்கள் என்கிறார். பூட்டு இருக்கிறதா என்கிறார். இந்த நான்கையும் நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். இதே வரிசையில்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பாவை நீங்கள் கல்யாணத்தில் பார்த்திருக்கிறீர்கள். நன்றாகச் சிரித்துப் பேசினார். அப்போதே அவருக்குத் தொடங்கிவிட்டது. முதலில் மறதி வரவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததுபோல, தேதியோடு, அழகாகச் சொன்னார். கேட்கிறவர்கள் நம்பினார்கள். நானே நம்பினேன். அடுத்தது, தன் சட்டைகளை யாரோ எடுக்கிறார்கள் என்று தொடங்கினார். கடைசியில் என்னையே பார்த்து, "நீ யாரு, எங்க வீட்ல என்ன பண்ற?" என்று கேட்டார்.

உங்கள் ஏழாவது பொருளும் அழகாக இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

இருபதாம் தேதி மகனும் மருமகளும் அங்கே வருகிறார்கள். உங்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். மீதிச் சொற்களை வேறு யாரையாவது வைத்து எழுதி முடிக்கச் சொல்லிப் பதிப்பாசிரியரிடம் பேசப் போவதாக என் மகன் சொல்கிறான். உங்கள் புத்தகம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதைப் பிடுங்குவது எனக்கு மகிழ்ச்சி என்று நினைக்காதீர்கள்.

இங்கே கிழக்கு அறையில் வெளிச்சம் நன்றாக வரும்.

சம்பந்தி

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாது. கல்யாணத்தில் அவர் என்னிடம் தன் கப்பல் பயணத்தைப் பற்றி வெகுநேரம் சொன்னார். அவர் கப்பலிலேயே ஏறியதில்லை என்று பிறகு என் மகள் சொன்னபோது, நான்தான் தவறாகக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வருந்துகிறேன்.

என் விஷயம் வேறு. அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்து மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. எழுதினால் நீங்கள் என்னோடு இனிப் பேச மாட்டீர்கள். அதற்குமேல், உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் என் மகளின் முகத்தில் நீங்கள் எப்படி விழிப்பீர்கள், அவள் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பாள் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நான் மூளை கலங்கியவன். எது சின்ன அவமானம் என்று தாளின் நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அந்த வரியை நான் தெரிந்தேதான் எழுதினேன். மறதியில் இல்லை. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

இருபதாம் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா? இன்னும் எழுத வேண்டிய சொற்கள் இருக்கின்றன. அதில் நாற்காலியைக் குறிக்கும் 'சேர்' பாதியில் நிற்கிறது. வேறொருவர் கையில் அது எப்படிப் போகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பெரிய எழுத்தாளன் இல்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அதாவது, நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 17

சம்பந்தி என்று எழுதக் கை வராததால் மொட்டையாகத் தொடங்குகிறேன்.

பதிப்பாசிரியரிடமிருந்து அச்சுப் படிகள் வந்தன. வழக்கமாக உங்கள் கைப்படியைத்தான் நான் பார்ப்பேன்; அவர் தன்னிடம் இருப்பதை அச்சுக்குக் கோத்துவிடுவார். இந்த முறை அவருடைய அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர் விடுப்பில் போனதால், "ஒரு கை கொடுங்கம்மா" என்று எனக்கு அனுப்பிவிட்டார். இது உங்கள் திட்டத்தில் இல்லை, இல்லையா?

'போர்டு' எடுத்தேன். ஆறு பொருளும் என்னிடம் இருப்பதேதான். ஏழாவதைப் பார்த்தேன். தச்சர்களைக் காணோம். அங்கே, 'துறைமுகங்களில் கப்பல் எதுவும் வராத நாளுக்கும் போர்டு என்று பெயர்' என்று இருக்கிறது.

முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு உங்கள் பக்கத்தை அதன் அருகே வைத்தேன். ஒரே இடம், ஒரே எண், ஒரே நீளம். இரண்டு வேறு பொய்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

மூளை கலங்கியவருக்கு இந்த வேலை வராது. இதற்குத் தெளிவு வேண்டும். ரயில்வே அச்சகத்தில் எங்கள் கால அட்டவணையைத் திருடி அச்சடித்து விற்கிறவர்களைப் பிடிக்க, எங்கள் மேலாளர் இல்லாத ஊருக்கு ஒரு ரயில் விடுவார். திருடன் அந்த ரயிலையும் சேர்த்து அச்சடிப்பான். மாட்டிக்கொள்வான். நீங்கள் எனக்கு ஒரு ரயில், பதிப்பாசிரியருக்கு ஒரு ரயில் விட்டிருக்கிறீர்கள். பட்டாணி தச்சரைப் பற்றி எழுதினால் திருடி நான். கப்பலைப் பற்றி எழுதினால் திருடன் அவர். அழகு.

இத்தனை வருஷம் உங்கள் 'அதாவது'களைக் கூலியில்லாமல் அடித்துக்கொடுத்ததற்கு எனக்கு இது வேண்டியதுதான். உங்களுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்த வேளையில் நீங்கள் என்னைத் திருடி என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்டேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பூட்டு, பொறி, எலி என்றுதான் புத்தி போகும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதழின் முகவரிக்குப் பட்டாணி என்று போட்டு ஒரு அஞ்சலட்டை எழுதினேன். 'டிக்கெட் பற்றிய அந்த வேடிக்கை உங்களுக்கு எங்கே கிடைத்தது?' அவ்வளவுதான். மறு தபாலில் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

'அம்மா, அது என் சரக்கு இல்லை. கல்லூரியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியர் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்வது. எங்களுக்கு முந்தைய வகுப்புக்காரர்கள் சொல்லிவைத்திருந்ததால் அவர் சொல்வதற்கு முன்பே சிரிப்போம். அவர் ஏன் என்று தெரியாமல் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பயந்த சுபாவம். நல்ல மனிதர். இப்போது இருக்கிறாரா தெரியவில்லை. சொற்கள் மேல் எனக்கு ஆசை வந்ததே அவரால்தான். அவர் பெயரைப் போட்டு எழுத ஆசை. அனுமதி கேட்க முகவரி இல்லை.'

உங்கள் வேடிக்கையை யாரும் திருடவில்லை. நீங்களே வருஷா வருஷம் வகுப்பில் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்தது உங்களுக்கு நினைவில் இல்லை.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு மறுபடி படித்தேன். அதுவும் ஒரு மறதிதானே?

என் மகனிடம் சொல்லிவிட்டேன்: "உன் மாமனார் தெளிவாத்தான் இருக்கார். தேவைக்கு மேலயே தெளிவா இருக்கார். இருபதாம் தேதி எங்கயும் போக வேண்டாம்." "ஏம்மா, நீதானே சொன்னே?" என்றான். "என் கண்ணுதான் தப்பாப் படிச்சிடுச்சு" என்றேன். மெய்ப்புப் பார்க்கிறவள் வாயால் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொறியைப் பற்றிச் சொல்லவில்லை. மருமகளிடமும் சொல்லவில்லை. பட்டாணியின் பதிலையும் காட்டவில்லை.

கப்பலை அச்சுப் படியிலிருந்து அடித்துவிட்டேன். விட்டிருந்தால் உங்கள் பொய் உங்கள் பெயரிலேயே புத்தகமாக வந்திருக்கும்.

இனி இப்படிச் செய்வோம். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பொய் வையுங்கள். ஒன்றே ஒன்று. எங்கே என்று சொல்ல வேண்டாம். நான் கண்டுபிடிக்காவிட்டால் என் கண் போய்விட்டது என்று பொருள். பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். நான் கேட்கும்போது எங்கே வைத்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். மகன் வந்து கூப்பிடுகிறவரை காத்திருக்கக் கூடாது. சம்மதமா?

ச.

*

மார்ச் 22

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

மன்னிப்புக் கேட்பதற்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதில் பாதிக்குமேல் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரிகளாக இருந்தன. ஆகையால் சுருக்கமாக: நான் செய்தது அசிங்கம். உங்களைப் போய் அப்படி நினைத்தேன். நேரே கேட்கத் தைரியம் இல்லாமல் வளைத்துச் செய்தேன். நீங்கள் ஒரு அஞ்சலட்டையில் முடித்ததை நான் ஒரு புத்தகத்தையே கெடுத்துச் செய்யப் பார்த்தேன். பதிப்பாசிரியருக்கும் எழுதிவிட்டேன். அவர், 'நல்லவேளை சார், அந்தக் கப்பலை நம்பி நான் முன்னுரையில வேற ஒரு வரி சேர்த்துட்டேன்' என்று பதில் எழுதியிருக்கிறார்.

பட்டாணி யார் என்று தெரியவில்லை. முகம் ஒன்றும் வரவில்லை. அந்த வேடிக்கையை வகுப்பில் சொன்னது நினைவில் இல்லை. முன்பே சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பொத்தான் திறந்திருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அவர் என் பெயரைப் போடலாம் என்று எழுதியிருக்கிறேன்.

தங்கள் ஏற்பாட்டுக்குச் சம்மதம். 'சேர்' முடித்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது. உட்காருமிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் தொடங்கி, பேராசிரியர் பதவி, தலைமை தாங்குபவர் என்று போகிறது. பேராயரின் இருக்கை இருக்கும் பெரிய தேவாலயத்தைக் குறிக்கும் கதீட்ரலும் அந்த வேரிலிருந்தே வந்தது. பொய் ஒன்று வைத்திருக்கிறேன்.

வணக்கத்துடன்,
சம்பந்தி

*

மார்ச் 29

சம்பந்தி அவர்களுக்கு,

'சேர்' பார்த்தேன். 'அதாவது' நான்குதான். முன்னேற்றம்.

பொய்கள் இரண்டு கண்டுபிடித்தேன். ஒன்று, முடிதிருத்தும் கடையில் நம் முறை வரும்வரை பழைய செய்தித்தாள் படிக்கிற நேரத்துக்கும் சேர் என்று பெயர் என்பது. நன்றாக இருந்தது. சிரித்தேன். மருமகள் "என்ன அத்தை?" என்றாள். "உங்கப்பா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, தண்டவாளத்தைக் கட்டைமேல் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கிக்கும் சேர் என்று பெயர் என்பது.

நீங்கள் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் வைத்தது எது? இன்னொன்று எப்படி வந்தது?

சம்பந்தி

*

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வைத்தது முடிதிருத்தும் கடை மட்டும்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் உறுதியாகத் தெரிவது என்பது எனக்கு இப்போது போதவில்லை. தண்டவாளத்தை நானே கற்பனை செய்து எழுதிவிட்டு உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறேனோ? தங்கள் கணவரின் கப்பல் நினைவுக்கு வந்தது. மாடி அறையில் பெட்டியை எடுத்துத் தூசிகூடத் தட்டிவிட்டேன்.

பிறகு பெரிய அகராதியை இறக்கினேன். பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை, சட்டைப் பையில் இருந்தது. 'சேர்' என்ற சொல்லின் கீழே, சின்ன எழுத்தில் இருக்கிறது: தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை. பக்க எண்ணை இத்துடன் வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அது பொய் இல்லை. பெட்டியை மறுபடி மேலே ஏற்றிவிட்டேன்.

அதன்பிறகு தேநீர் போட்டுக் குடித்தேன். குடிக்கும்போதுதான் தோன்றியது. பாதி வாழ்க்கை ரயில்வே அச்சகத்தில் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்த்தவர் நீங்கள். தண்டவாளத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றின் பெயரும் உங்கள் கண்ணுக்குக் கீழே எத்தனை தடவை போயிருக்கும்? உங்களுக்கா அது தெரியாது?

தெரிந்தே கேட்டீர்களா, கண் தவறியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் பதில் எழுத வேண்டாம்.

அடுத்த சொல் இத்துடன் இருக்கிறது. 'கீ', அதாவது சாவி. பொய் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கே என்று எனக்குத் தெரியும்.

வணக்கத்துடன்,
தங்கள் சம்பந்தி